ஏ.ஐ. சறுக்கிய இடங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஏ.ஐ. தவறு செய்தால் அது மென்பொருள் கோளாறுதானே? அதற்கு நிர்வாகமும் பொறுப்பு என்று ஏன் சொல்கிறீர்கள்?

பதில்: பல சமயம் கணக்கு சரியாகவே இருக்கும், நாம் போடச் சொன்ன கணக்குதான் தப்பு. அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு தேவை என்று மதிப்பெண் போட்ட ஒரு மென்பொருளைப் பற்றி 2019இல் சயின்ஸ் இதழில் ஆய்வு வந்தது. நோயின் தீவிரத்துக்குப் பதிலாக, வரப்போகும் சிகிச்சைச் செலவை அது கணித்தது. அதே அளவு நோய் இருந்தும் கறுப்பின மக்களுக்குக் குறைவாகவே செலவாகி வந்ததால், அவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. இந்தச் சாய்வை நீக்கினால் கூடுதல் கவனிப்பு பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாகும் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். செலவை அளவுகோலாக வைத்தது மனிதர்கள். அந்த முடிவை யாராவது கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: எந்திரத்தைக் கவனிக்கப் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்தால் போதாதா?

பதில்: போதாது. 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவர் இறந்தார். மோதுவதற்கு 5.6 நொடி முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனம், ஏதோ ஒரு பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி எண்ணியது. ஒவ்வொரு முறை மாறும்போதும் அவர் வந்த பாதையின் பதிவை விட்டுவிட்டது. அதனால் எந்தப் பக்கம் போகிறார் என்று கணிக்க முடியவில்லை. உள்ளே இருந்த கண்காணிப்பாளர் சாலையைப் பார்க்கவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் காருக்கு இருவர் என்பதை ஒருவராகக் குறைத்திருந்தார்கள். எந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றால் யாருக்கும் கவனம் தளரும். அந்த ஒருவரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எங்கள் சாட்பாட், அதாவது வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் மென்பொருள், தப்பாகப் பதில் சொன்னால் யார் பொறுப்பு?

பதில்: நீங்கள்தான். ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பதுபோல் நிறுவனம் வாதாடியது. 2024இல் கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று அதை ஏற்காமல் பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது.

கேள்வி: சரி, இப்படி நடக்காமல் தடுக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நூலிழையில் தப்பியதையும் எழுதிவைப்பதிலிருந்து. விமானத் துறையினர் அப்படிப்பட்ட சம்பவங்களை ரகசியமாகத் தெரிவிக்க நாசா 1976 முதல் ஓர் அமைப்பை நடத்துகிறது. சொன்னவரின் பெயர் வெளியே வராது என்பதால் சொல்கிறார்கள். உங்கள் அலுவலகத்திலும் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் போகவேண்டும். அப்புறம், ஏ.ஐ.யை உடனே நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை இன்றே ஒருவர் பெயர் போட்டு எழுதுங்கள். நிறுத்தியதற்காக அவர் வேலை போகாது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.