ஆங்கிலத்தில் 'வாக்' (walk, நட) என்ற வினைச்சொல்லை 12 காலங்களிலும் மனப்பாடமாகச் சொல்கிறேன், பேசத்தான் வரவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னைக் குத்திவிட்டது. அட்டவணையைத் தடங்கலின்றி ஒப்பிக்கிறீர்கள், ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்கிறீர்கள். அந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பீர்கள், காலையில் ஒரு முறையும் தூங்கப் போகும்முன் ஒரு முறையும் படிப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். நானும் ஒட்டியவன்தான்.

முதலில் அதன் மிரட்டலைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன். ஐ, வீ, யூ, ஹீ, ஷீ, இட், தே என்று ஏழு எழுவாய்கள், 12 கட்டங்கள், ஆக 84 வரிகள். பார்த்தால் தலை சுற்றும். ஆனால் அந்த 84 வரிகளிலும் வினைச்சொல் எடுக்கும் வடிவங்கள் நான்கே நான்கு: வாக், வாக்ஸ், வாக்கிங், வாக்ட். இதில் வாக்ஸ் என்பது நிகழ்காலத்தில் ஹீ, ஷீ, இட் மூன்றுக்கும் மட்டும். கடந்த காலத்தில் யார் நடந்தாலும் வாக்ட்தான். நமக்கோ நடந்தேன், நடந்தோம், நடந்தாய், நடந்தீர்கள், நடந்தான், நடந்தாள், நடந்தார், நடந்தார்கள், நடந்தது, நடந்தன என்று ஒரு காலத்துக்கே பத்து. ஓடு, போடு, எடு மூன்றும் ஒரே எழுத்தில் முடிகின்றன; ஆனால் ஓடினான், போட்டான், எடுத்தான் என்று மூன்றும் மூன்று வழியில் போகின்றன. இதையெல்லாம் அட்டவணை இல்லாமல் பேசுகிற நாம் நான்கு வடிவங்களுக்கா பயப்பட வேண்டும்? தமிழைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆங்கிலத்தில் வினையின் உருவிலேயே தெரியும் காலங்கள் இரண்டுதானே, 12 எங்கிருந்து வந்தது என்று கேட்கப்போகும் மொழியியல் படித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: நீங்கள் சொல்வது சரி. ஆனால் கேட்டவர் கையில் இருப்பது 12 கட்டங்கள் கொண்ட அட்டவணை.

சிக்கல் வினைச்சொல்லில் இல்லை, அதற்கு முன்னால் நிற்கும் 'ஆம்' (am), 'ஹேவ்' (have), 'டிட்' (did) போன்ற துணைவினையில் இருக்கிறது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு கௌரவமானது அல்ல.

வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். என்னிடம் கொடுத்திருந்த அறிக்கை என்ன ஆயிற்று என்று பிரிவுத் தலைவர் கேட்டார். முந்தைய இரவு முழுவதும் விழித்திருந்து முடித்த அறிக்கை அது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்து, "ஐ ஆம் ஃபினிஷ்ட் த ரிப்போர்ட், சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அறிக்கை முடிந்ததா, நீங்கள் முடிந்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்னவென்றே புரியாமல். அதன்பின் ஒரு மாதம், மாலையில் பையை எடுத்தால் போதும், "என்ன, முடிந்துவிட்டீர்களா?" என்று யாராவது கேட்பார்கள்.

அப்படிச் சொல்வதும் ஆங்கிலத்தில் உண்டு என்று இதற்குள் ஒருவர் தட்டச்சு செய்யத் தொடங்கியிருப்பார். உண்டு. வேலை முடிந்தது என்ற பொருளில் 'ஐ ஆம் ஃபினிஷ்ட்' என்பார்கள். கனடாவில் சிலர் என் வாக்கியத்தையே அப்படியே சொல்வார்கள். இது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் அந்த அறையில் செல்லுபடியாகியிருக்காது. தவிர, நான் கனடாக்காரர்களைப் பின்பற்றி அதைச் சொல்லவில்லை, அறியாமல்தான் சொன்னேன்.

பக்கத்து மேசையில் ஓர் அக்கா இருந்தார். சிரிக்காத ஒரே ஆள். அன்று மாலை என் அறிக்கையின் பழைய பிரதி ஒன்றைத் திருப்பிப் போட்டு, தமிழில் இரண்டு சொற்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினார்.

முடித்துக்கொண்டிருக்கிறேன்
முடித்திருக்கிறேன்

இரண்டிலும் கடைசியில் இருக்கும் 'இருக்கிறேன்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டார். "நமக்கு இரண்டுக்கும் ஒரே இருக்கிறேன் போதும், தம்பி. அவர்களுக்கு அது இரண்டாகப் பிரியும். வினையில் ஐ.என்.ஜி. இருந்தால் 'ஐ ஆம்'. வேலையைச் செய்தவன் நீயாக இருந்து வினையில் ஈ.டி. இருந்தால் ஹேவ்."

"ஆம் போட்டு ஈ.டி. போட்டால்?"

"வேலையை நீ செய்யவில்லை, உன்னை யாரோ செய்துவிட்டார்கள்."

அவ்வளவுதான் பாடம். அட்டவணையின் பாதி அந்தத் தாளில் அடங்கிவிட்டது. முடித்திருந்தேன் என்றால் ஹேட் ஃபினிஷ்ட், முடித்திருப்பேன் என்றால் வில் ஹேவ் ஃபினிஷ்ட். முடித்துக்கொண்டிருந்தேன் என்றால் வாஸ் ஃபினிஷிங். நம்முடைய 'இரு' எந்தக் காலத்துக்குப் போகிறதோ அதே காலத்துக்கு அவர்களுடைய துணைவினையை நகர்த்தினால் போதும். முக்கிய வினை அசையாமல் நிற்கும். எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "அவன் நேற்றே முடித்திருக்கிறான்" என்று தமிழில் இயல்பாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் நேற்று என்று நாளைக் குறிப்பிட்டுவிட்டால் ஹேவ் ஒத்துவராது, வெறும் ஃபினிஷ்ட் போட வேண்டும். 'தினமும் நடப்பேன்' என்ற நம் வழக்கத்தை வைத்து 'ஐ வில் வாக் டெய்லி' என்று சொல்வதும் இதே வகைப் பிசகு. அங்கே வழக்கத்துக்கு நிகழ்காலமே போதும், ஐ வாக்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இன்னொன்று. 'டிட் யூ வாக்ட்', 'ஐ டிட் நாட் வாக்ட்' என்றெல்லாம் உங்கள் வாயிலும் வந்துகொண்டிருக்கும். கடந்த காலத்தை டிட் வாங்கிக்கொண்டுவிட்டது, வினை வெறுங்கையோடு நிற்க வேண்டும். 'டஸ் ஹீ வாக்' என்பதிலும் அதே கதை, எஸ் டஸ்ஸுக்குப் போய்விட்டது. இது விசித்திரமாகத் தோன்றினால் நம்முடைய 'நடக்கவில்லை'யைப் பாருங்கள். நான் நடக்கவில்லை, அவள் நடக்கவில்லை, நேற்று நடக்கவில்லை, இப்போதும் நடக்கவில்லை. காலமும் இல்லை, ஆள் அடையாளமும் இல்லை. அவர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை, பாதி வழியில் நின்றுவிட்டார்கள்.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்று: வாக்கெட் என்று இழுக்காதீர்கள். t ஒலியிலோ d ஒலியிலோ முடியும் வினைகளுக்குத்தான் அந்தத் தனி அசை வரும், வான்டட், நீடட் போல. மற்றவை ஒட்டிக்கொண்டே போகும்.

எழுத்துக்கூட்டலில் ஸ்டாப் என்பது ஈ.டி. சேரும்போது இரண்டு பி எடுக்கும். விசிட் இரண்டு டி எடுக்காது, ஏனெனில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. இந்த விதியை நம்பித்தான் நான் இன்னொரு முறை மாட்டினேன். டிராவல் என்பதிலும் அழுத்தம் முதல் அசையில்தான் விழுகிறது. ஆனால் பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு எல் போடுகிறார்கள், அமெரிக்கர்கள் ஒன்று போடுகிறார்கள். நாற்பது பக்க அறிக்கை ஒன்றில் இரண்டு எல் போட்டிருந்தேன். கணினி ஒவ்வொன்றின் கீழும் சிவப்புக் கோடு போட்டது. அதற்குத் தெரியாததா என்று எல்லாவற்றிலும் ஓர் 'எல்' எழுத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன். மறுநாள், மேலே சொன்ன அதே பிரிவுத் தலைவர், ஓரத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, எழுத்துப் பிழை என்று குறித்துத் திருப்பி அனுப்பினார். கணினி அமெரிக்க ஆங்கிலத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர் நான் அல்ல. இதை விளக்கி அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பவில்லை. அதில் மூன்றாவது வரியில் ஹேவ் வருமா ஹேட் வருமா என்று முடிவு செய்வதற்குள் மாலை ஆகிவிட்டது.