ஒரு விமானத்தில் கோளாறு என்றால் அந்த ரகம் முழுவதையும் ஏன் நிறுத்துகிறார்கள்?

ஒரே மாடல் விமானங்களை எல்லாம் தரையில் நிறுத்தி, ஒரே இடத்தைத் திறந்து பார்ப்பதுதான் ஃப்ளீட் இன்ஸ்பெக்‌ஷன். ஒரே தொழிற்சாலை, ஒரே வேலைமுறை என்பதால் ஒன்றில் நடந்த தவறு இன்னொன்றிலும் இருக்கலாம்.

2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 ஒன்றில், கதவு வரவேண்டிய இடத்தை அடைத்திருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. தொழிற்சாலையில் ரிவெட் வேலைக்காக அதைத் திறந்துவிட்டு மூடியபோது 4 போல்ட்டுகளைத் திரும்பப் போடவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. திறந்ததற்குப் பதிவும் இல்லை, அதனால் சரிபார்க்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. எனக்குப் போல்ட்டை விட இதுதான் பெரிய தவறாகப் படுகிறது. சம்பவம் நடந்த மறுநாளே 171 விமானங்களை நிறுத்தச் சொன்னார்கள், அப்படிப் பார்த்ததில் வேறு சிலவற்றிலும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தன.

எங்கள் காரைக்குடிப் பக்கம் பலகாரம் சுடும்போது ஒரு சீடை எண்ணெயில் வெடித்தால் ஆச்சி உடனே அடுப்பை அணைத்துவிடுவார்கள், ஏனென்றால் மாவைச் சரியாகச் சலிக்கவில்லை என்றால் அதே மாவில் உருட்டிய எந்தச் சீடையும் வெடிக்கலாம்.

நிறுத்திவிட்டார்கள் என்றால் எல்லாமே பழுது என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படியில்லை, சோதனையில் தேறியவை அந்த மாதக் கடைசியிலேயே பறக்கத் தொடங்கிவிட்டன.