கச்சானில் தொடங்கும் உலகப் புவியியல்

அன்பின் ஐயா,
மகள் உயர்தரத்தில் புவியியல் படிக்கிறாள். “ஃபோன் அல்ப்ஸில், சினூக் றொக்கியில், சொண்டா அந்தீஸில்” என்று இரவிரவாகப் பாடமாக்குகிறாள். அடுத்த கிழமை கேட்டால் எல்லாம் இடம்மாறிக் கிடக்கிறது. கண்ணால் காணாத மலைகளின் காற்றுகள் மட்டக்களப்புப் பிள்ளையின் மனதில் எப்படி நிற்கும்?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் மகளுக்கு அந்தக் காற்றை ஏற்கெனவே தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அனலாக அடித்து, தோய்த்துப் போட்ட உடுப்பைச் சுணங்காமல் மொறமொறப்பாக்கிவிடுகிற கச்சான்தான் அது. கச்சான் ஒரு ஃபோன் வகைக் காற்று, அதாவது மலையைத் தாண்டி இறங்கும்போது சூடேறிக் காய்ந்துபோகும் காற்று. ஆங்கில வானிலையியல் சொல்லகராதியில் ‘கச்சான்’ என்ற நம் சொல்லே ஒரு தலைப்புச் சொல்லாக இருக்கிறது. மட்டக்களப்பில் அது கடற்காற்றையே மேவி வீசும் என்ற விளக்கமும் அங்கே உண்டு. இதைப் பிள்ளையிடம் முதலில் சொல்லுங்கள். அல்ப்ஸ் பிறகு வரட்டும்.

அடுத்ததாக ஒரு கணக்கைச் செய்யச் சொல்லுங்கள். தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையில் 28 பாகை வெப்பத்தோடு ஏறுகிறது என்று வைப்போம். முகில் உருவாகும்வரை 1,000 மீற்றருக்கு 10 பாகை வீதம் குளிரும். முகிலின் அடி 500 மீற்றரில் என்றால் அங்கே 23 பாகை. அதற்குமேல் நீராவி ஒடுங்கி மழையாகும்போது மறைவெப்பம் வெளிப்படுவதால் குளிர்வது மெதுவாகும். பாடக்கணக்கில் 1,000 மீற்றருக்கு 6 பாகை என்று எடுப்போம் (நமது வெப்பமான ஈரக்காற்றில் அது இன்னும் குறைவு). 2,000 மீற்றர் உச்சியை அடையும்போது 14 பாகை. ஈரத்தின் பெரும்பகுதி மலைநாட்டின் மேற்குச் சரிவிலுள்ள வட்டவளைப் பக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அங்கே ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவது இதனால்தான். கிழக்கே இறங்கும் காற்றில் முகில் இல்லை. ஆகவே வழி முழுக்க 1,000 மீற்றருக்கு 10 பாகை வீதம் சூடேறி, நம் கரைக்கு வரும்போது 34 பாகையாக இருக்கும். புறப்பட்டதைவிட 6 பாகை கூட.

பிள்ளைகள் பிழை விடுவது இந்த இடத்தில்தான். புத்தகத்தில் வேறொரு தேவைக்குச் சொல்லப்பட்ட 6.5 பாகை என்ற பொதுச் சராசரியை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் போட்டுவிடுகிறார்கள். விடை திரும்பவும் 28க்கே வந்து நிற்கும். அப்படி வந்தால் மறைவெப்பத்தை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். இயற்கையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக நடப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். காற்றின் ஒரு பகுதி மலையைச் சுற்றிப் போகும். முகிலற்ற வானமும் காய்ந்த நிலமும் தம் பங்குக்குச் சூட்டைக் கூட்டும்.

இனி உலகப்படத்தை விரிக்கலாம். பெயரைப் பாடமாக்குவதற்கு முன் மூன்று கேள்விகள்: மலை எங்கே, ஈரம் எந்தக் கடலிலிருந்து வருகிறது, அந்த அகலக்கோட்டில் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது? பசுபிக் காற்று றொக்கியில் ஏறுவதால் சினூக் அதன் கிழக்குச் சரிவில் இறங்கும். மேற்குச் சரிவில் குறித்து வைக்கும் பிழை அடிக்கடி நடக்கிறது. தென் டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் 1943 ஜனவரி 22 காலையில் சினூக் இறங்கியபோது, வெப்பநிலை இரண்டே நிமிடத்தில் −20 பாகையிலிருந்து 7 பாகைக்கு ஏறியது. மத்தியதரைக் கடலின் ஈரம் தெற்கிலிருந்து வரும்போது ஃபோன் அல்ப்ஸின் வடக்கே இறங்கும். சொண்டா அந்தீஸைத் தாண்டி ஆர்ஜென்டீனாவின் மென்டோசாப் பக்கம் இறங்கும்.

அந்தீஸில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கலாம், அது நல்ல பரீட்சை. தெற்கே, 40 முதல் 50 பாகை அகலக்கோடுகளில், மேலைக்காற்று வீசுவதால் சிலியின் பக்கம் மழைக்காடு, கிழக்கே பத்தகோனியா வறட்சி. அங்கிருந்து வடக்கே, தென் அகலக்கோடு 20 பாகைக்குக் கிட்ட வந்தால் தலைகீழ்: காற்று கிழக்கிலிருந்து வருவதால், மலை மழையை மறிக்கும் வறண்ட பக்கமான மழைநிழல் மேற்கே விழுகிறது. அதோடு குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும் சேர்ந்து அற்றகாமாவைப் பாலைவனமாக்குகிறது. “மலைக்குக் கிழக்கே வறட்சி” என்று ஒற்றை வரியாய்ப் பாடமாக்கிய பிள்ளை இங்கே தடுமாறும். கார்த்திகை, மார்கழியில் நமக்கும் இப்படித்தான் பக்கம் மாறுகிறது. வடகீழ்ப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வருவதால் பெரும்போகத்துக்கு மழை கிடைக்கிறது. கச்சான் காலத்துச் சிறுபோகமோ உன்னிச்சைக் குளத்து நீரையும் சேனநாயக்க சமுத்திர நீரையும் பார்த்திருக்கவேண்டியதாகிறது.

பிள்ளை தானே அளந்து பார்த்தால் இன்னும் நல்லது. ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழைப் பருத்தித் துணியால் சுற்றி, துணியின் நுனியைச் சுத்தமான தண்ணீர்ச் சிரட்டைக்குள் விடுங்கள். நிலத்திலிருந்து ஒன்றேகால் மீற்றர் உயரத்தில், நிழலில், தகரக்கூரைக்கும் சுவருக்கும் விலகி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவேண்டும். வெயில் பட்டால் அளவு பொய். துணி காய்ந்துபோனாலும் இரண்டும் ஒன்றையே காட்டும். பக்கத்தில் ஒரு கம்பில் துணிக்கீற்றைக் கட்டினால் காற்றுத்திசை தெரியும். காலை 8, நண்பகல் 12, பின்னேரம் 3 மணிக்கு வாசித்து எழுதட்டும். கடற்காற்று வந்த நேரத்தையும், வராத நாளையும் குறிக்கட்டும். காய்ந்த காற்றில் துணியின் ஈரம் வேகமாக ஆவியாகி அந்தக் குமிழைக் குளிர்விக்கும்; ஆகவே இரண்டு வெப்பமானிக்கும் உள்ள வித்தியாசம் கூடக்கூடக் காற்று காய்ந்தது. கச்சான் உரத்து அடிக்கும் நாட்களில் அந்த இடைவெளி விரிவதைப் பிள்ளை தன் கையெழுத்திலேயே காணும்.

வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை எழுதினால், காற்றுத் திரும்புவதும் முற்றும் திரும்பியிருப்பதும் ஒரே கொப்பிக்குள் வந்துவிடும்.