சாயம் ஒட்டாமலே இரண்டு புரதங்கள் சேர்வதை எஸ்.பி.ஆர். கருவி எப்படிக் காண்கிறது?

எஸ்.பி.ஆர். என்பது பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு. கண்ணாடியின் மேல் சுமார் 50 நானோமீட்டர் தங்கப் பூச்சு இருக்கும். அதில் ஒரு புரதத்தைப் பிணைத்து, மற்றதைக் கரைசலாக ஓடவிடுவார்கள். அடியிலிருந்து பாய்ச்சும் ஒளி, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் தங்கத்தின் எலக்ட்ரான்களிடம் ஆற்றலை இழந்து மங்கும். புரதம் வந்து ஒட்டினால் பரப்பருகே ஒளிவிலகல் எண் கூடி, அந்தக் கோணம் நகரும். தட்டில் அரிசி விழ விழத் தராசு முள் நகர்வதுபோல. சதுர மில்லிமீட்டருக்கு 1 பிக்கோகிராம் சேர்ந்தாலே கருவியின் சிக்னல் ஏறக்குறைய 1 அலகு (ஒத்ததிர்வு அலகு) ஏறும். ஒட்டும் வேகமும் பிரியும் வேகமும் தனித்தனியே கிடைப்பதுதான் இதன் பெரிய பலம்.

மாதிரியில் உள்ள டிஎம்எஸ்ஓ (பொருள்களைக் கரைக்க உதவும் திரவம்) அளவு, கருவியில் ஓடும் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) உள்ளதிலிருந்து சற்றே மாறினாலும் சிக்னல் குதிக்கும். அதனால் புரதம் பிணைக்காத தடத்தின் அளவைக் கழித்தே பார்க்க வேண்டும்.

‘லேபிள் (சாயம் போன்ற அடையாள ஒட்டு) வேண்டாம் என்றால் புரதத்தை அப்படியே அளக்கலாம்’ என்பது தவறு: ஒன்றைப் பரப்பில் பிணைத்தே ஆகவேண்டும், தவறான இடத்தில் பிணைத்தால் சேரும் முகமே மறைந்துவிடும்.