கை தூக்கிப் புத்தகம் தேர்ந்தெடுக்காதீர்கள்

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் வீட்டு வளவில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 11 பெண்கள் கூடி, ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறோம். அடுத்த புத்தகத்தைக் கை தூக்கித் தேர்ந்தெடுப்பது வழக்கம். கல்லூரியில் பாடம் நடத்தும் மூன்று பேர் சொல்வதுதான் எப்போதும் ஜெயிக்கிறது. சென்ற மாதம் 700 பக்க நாவல் ஒன்றை எடுத்தோம். முடித்தவர்கள் நான்கு பேர். கம்பனைப் படிக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்த 78 வயது ஆச்சி ஒருவர் இப்போது வருவதையே நிறுத்திவிட்டார். எல்லோருக்கும் பொருந்தும் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேவகோட்டை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, எல்லோருக்கும் பொருந்தும் புத்தகம் என்று ஒன்று கிடையாது. அதைத் தேடுவதை முதலில் விட்டுவிடுங்கள். 11 பேருக்கும் பிடிக்க வேண்டும் என்று தேடினால், யாருக்கும் பெரிதாகப் பிடிக்காத ஒன்றில்தான் போய் நிற்பீர்கள்.

கை தூக்குவது நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் ஆசிரியர்கள் மூன்று பேர் ஒரு பெயரைச் சொன்னால், அதிகம் படிக்காத நாம் எப்படி மறுப்பது என்று மற்றவர்கள் கையும் சேர்ந்து உயர்ந்துவிடும். நாலு முறை தோற்றவர் ஐந்தாம் முறை வாய் திறக்க மாட்டார். உங்கள் ஆச்சிக்கு நடந்தது அதுதான். அவர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார் என்று நினைக்காதீர்கள். தன் பேச்சுக்கு அங்கே இடமில்லை என்று முடிவு செய்திருப்பார். எனக்கு உங்கள் கடிதத்தில் மனதைத் தைத்தது அந்த ஒரு வரிதான்.

ஓட்டுக்குப் பதில் முறை வையுங்கள். பங்காளிகள் கூடிச் செய்யும் காரியங்களில் நமக்குப் பழகிய ஏற்பாடுதானே இது! யார் முறையோ அவர் பொறுப்பெடுத்துச் செய்வார், மற்றவர்கள் கூட நிற்பார்கள். அவர் முறையில் அவர் சொன்னதுதான் புத்தகம். அதற்கு மறுப்பு இல்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு: முறைக்காரர் அந்தப் புத்தகத்தை முன்பே முழுவதும் படித்திருக்க வேண்டும். பரிசு வாங்கியது, எல்லோரும் பேசுகிறார்கள் என்று காதில் விழுந்ததை வைத்துச் சொல்லக் கூடாது. சென்ற மாதத்து 700 பக்கத்தை முன்மொழிந்தவர் அதை முன்பே படித்திருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல், படித்து முடித்த பிறகு சண்டை போட அதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதுதான். தனியாகப் படிக்க அருமையான புத்தகம் கூட்டத்துக்கு ஆகாமல் போவதுண்டு. காரைக்குடியில் எங்கள் குழுவில் ஒருமுறை எல்லோரும் மெச்சும் நாவல் ஒன்றை எடுத்தோம். 'நன்றாக இருந்தது', 'ஆமாம், அழுதுவிட்டேன்' என்று சுற்றி வந்து இருபது நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோனது. வெள்ளைப் பணியாரத் தட்டு காலியாவதற்கு முன்பே புத்தகம் காலி. பிறகு மாப்பிள்ளை, மருமகள் கதைகளைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்கு நேர்மாறாக, ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' எடுத்த மாதத்தை மறக்க முடியாது. நம் சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதிலேயே இந்தோனேசியாவின் மேடான் நகருக்கு வேலைக்குப் போனவர் அவர். 1972இல் வெளிவந்த நாவல். இரண்டாம் உலகப் போர்க் காலத்து மேடானும் பினாங்கும் அதில் அப்படியே இருக்கின்றன. சுலபமான வாசிப்பு அல்ல. பாதியில் நிறுத்தியவர்களும் இருந்தார்கள். ஆனால் அன்றைக்கு ஓர் ஆச்சி, தன் அப்பச்சி மேடானிலிருந்து எழுதிய கடிதங்களை டிரங்குப் பெட்டியோடு கொண்டுவந்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பரப்பினார். மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருந்த தாள்கள். ஒவ்வொன்றிலும் வட்டிக் கணக்கும் சரக்கு விலையும் இருந்தன. வீட்டில் இருந்தவர்களைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி. 'இந்த நாவலில் ஆண்கள் அக்கரையில் என்ன செய்தார்கள் என்று இருக்கிறது. இங்கே இந்த ஒரு வரிக்காகக் காத்திருந்த ஆத்தாவைப் பற்றி ஏன் இல்லை?' என்று கேட்டார். நாவலாசிரியரிடம் அதைக் கேட்பது சரியா, தவறா என்று விளக்கு வைக்கும் நேரம்வரை பேசினோம். பாதியில் நிறுத்தியவர்களும் பேசினார்கள். முடிக்காதவர் வரக் கூடாது என்று நீங்கள் விதி வைத்திருந்தால், தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

நம் ஊர் மனிதர்கள், நம் ஊர்க் கதை என்றே தொடர்ந்து எடுத்துவிடவும் வேண்டாம். ஓரிரண்டு போதும். அதற்கு மேல் போனால் பேச்சு முழுவதும் பழம்பெருமையாகிவிடும், புத்தகம் ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

கம்பனுக்கு வருகிறேன். ஆச்சி கேட்டதை வயதானவரின் ஆசை என்று ஒதுக்க முடியாது. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியது 1939இல். ஆச்சி பிறப்பதற்கு முன்பே இந்தப் பக்கத்தில் கம்பனை வைத்து வாதாடத் தொடங்கிவிட்டார்கள். பத்தாயிரம் பாடலுக்கு மேல் உள்ள நூலை எப்படி எடுப்பது என்று ஆசிரியைகள் தயங்கியிருக்கலாம். முழுவதும் எதற்கு? பால காண்டத்தில் அகலிகை கதை வரும் பகுதியை மட்டும் எடுங்கள். ஒரே மாலையில் உரத்து வாசித்துவிடலாம். வந்திருப்பவன் கணவன் அல்ல என்று அவள் உணர்ந்த பின்னும் விலகவில்லை என்கிறார் கம்பர். பிறகு அதே அகலிகையை 'நெஞ்சினால் பிழைப்பிலாள்' என்று விசுவாமித்திரர் வாயால் சொல்லவும் வைக்கிறார். இரண்டும் எப்படிச் சேரும்? இதைக் கேட்டுவிட்டு 11 பெண்கள் பேசாமல் இருந்துவிடுவார்களா?

அடுத்த மாதமே புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' சிறுகதையை எடுங்கள். சாபம் தீர்ந்த அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் ராமன் என்று அறிந்ததும் மறுபடி கல்லாகிவிடும் கதை. உங்கள் ஆசிரியைகளுக்கும் ஆச்சிக்கும் நடுவில் ஒரே திண்ணை போட்ட மாதிரி இருக்கும். கம்பனை வரிவரியாகத் தெரிந்த ஆச்சி இந்தக் கதையை ஏற்பாரா, எதிர்ப்பாரா என்று அறிய எனக்கே ஆவலாக இருக்கிறது.

சில நடைமுறைகள். மூன்று மாதப் புத்தகங்களை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். கிளை நூலகத்தில் பெரும்பாலும் ஒரு பிரதிதான் இருக்கும். அது 11 வீடு சுற்றிவர நாள் வேண்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் மலிவுப் பதிப்பாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பலவற்றைக் காசில்லாமலே படிக்கலாம். கண் மங்கியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதியும் ஆயிற்று. தடிமனான புத்தகத்துக்கு இரண்டு மாதம் கொடுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களும் கல்யாணங்களும் நிறைந்த தை மாதத்தில் ஒரு சிறுகதை போதும்.

ஆச்சியைத் தொலைபேசியில் அழைக்காதீர்கள். அந்த மூன்று ஆசிரியைகளில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட பால காண்டம் கிடைத்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை அவருடையது என்று சொல்லிவிட்டு, எந்த ஞாயிறு அவருக்குத் தோதுப்படும் என்று கேளுங்கள்.