கேள்வி – பதில்: பிஜிபி டைமரை எவ்வளவு குறைக்கலாம்?

கேள்வி: ஐயா, எங்கள் ஆலையின் அலுவலகத்துக்கு இரண்டு நிறுவனங்களிடமிருந்து இணைய இணைப்பு வாங்கியிருக்கிறோம், இரண்டிலும் பிஜிபி (ரவுட்டர்கள் வழித்தடங்களை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை) ஓடுகிறது. இரண்டு முனைகளும் சிஸ்கோ ரவுட்டர்கள்தான். சென்ற மாதம் முதல் இணைப்பின் ஃபைபர் தெருவில் அறுந்தபோது, இரண்டாவது இணைப்புக்கு மாற ஏறக்குறைய இரண்டரை நிமிடம் ஆயிற்று. நெய்பர் டைமரை 10, 30 (கீப்அலைவ், ஹோல்டு டைம், நொடியில்) என்று மாற்றிவிட்டு ஃபைபரைக் கழற்றிப் பார்த்தேன். பழைய நேரமே ஆனது. பிறகு 1, 3 என்று வைத்து ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தேன். இப்போது இரவில் செஷன் (எதிர்முனையோடு உள்ள பிஜிபி தொடர்பு) தானாகவே விழுந்து விழுந்து எழுகிறது. எந்த எண்தான் சரி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் அந்த இரண்டரை நிமிடக் கணக்கைப் பார்ப்போம். பிஜிபி பேசும் இரண்டு ரவுட்டர்களும் ‘நான் இருக்கிறேன்’ என்று ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் 19 பைட் செய்திதான் கீப்அலைவ். அந்தச் செய்தியோ, வழித்தட மாற்றத்தைச் சொல்லும் அப்டேட் செய்தியோ வந்து சேரும் ஒவ்வொரு முறையும் ஹோல்டு டைமர் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். அது முடியும்வரை எதுவும் வராவிட்டால்தான் எதிர்முனை போய்விட்டதாக ரவுட்டர் முடிவு கட்டும். சிஸ்கோ ரவுட்டரில் நாம் எதையும் தொடாவிட்டால் கீப்அலைவ் 60 நொடி, ஹோல்டு டைம் 180 நொடி. ஃபைபர் அறுந்த கணத்தில் கடைசிக் கீப்அலைவ் வந்து எத்தனை நொடி ஆகியிருந்தது என்பதைப் பொறுத்து, 120 நொடியிலிருந்து 180 நொடிக்குள் எப்போது வேண்டுமானாலும் செஷன் விழலாம். உங்களுக்கு நடந்தது அதுதான்.

நேரடியாக இணைந்த எதிர்முனையாயிற்றே, கேபிள் போனதும் தெரிந்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். போர்ட் விழுந்தால் சிஸ்கோ ரவுட்டர் ஹோல்டு டைமருக்குக் காத்திராமல் அந்தச் செஷனை அப்போதே விட்டுவிடும் என்பது உண்மை. ஆனால் ரவுட்டருக்கும் ஃபைபருக்கும் நடுவில் ஃபைபரைச் சாதாரணக் கேபிளாக மாற்றித்தரும் ஒரு மீடியா கன்வெர்ட்டரோ சிறு சுவிட்சோ உட்கார்ந்திருந்தால், தெருவில் ஃபைபர் அறுந்தாலும் ரவுட்டர் போர்ட்டின் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் ரேக்கிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

10, 30 ஏன் பலிக்கவில்லை? ஹோல்டு டைம் என்பது செஷன் தொடங்கும்போது ஓப்பன் செய்தியில் ஒரே ஒரு முறை பேசி முடிக்கப்படுகிற எண். பிறகு நீங்கள் அந்த எண்ணை மாற்றினாலும், ஓடிக்கொண்டிருக்கும் செஷனை அது தீண்டாது. ஷோ ஐபி பிஜிபி நெய்பர்ஸ் என்று கொடுத்துப் பார்த்திருந்தால் இரண்டு வரிகள் தென்பட்டிருக்கும்: ஒன்றில் ‘ஹோல்டு டைம் 180, கீப்அலைவ் 60’ என்றும், இன்னொன்றில் ‘கான்ஃபிகர்டு ஹோல்டு டைம் 30, கீப்அலைவ் 10’ என்றும் இருக்கும். முன்னது நடப்பில் இருப்பது, பின்னது உங்கள் விருப்பம். கிளியர் ஐபி பிஜிபி கொடுத்து அந்த ஒரு செஷனை அறுத்து மீண்டும் தொடங்கியிருந்தால் போதும். ரவுட்டரையே ரீஸ்டார்ட் செய்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டளையின் கடைசியில் சாஃப்ட் என்று சேர்த்துவிட்டால் வழித்தடங்கள் மட்டும் புதுப்பிக்கப்படும், டைமர் மாறாது; இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள்.

பேசி முடிக்கும்போது இரு தரப்பு எண்களில் சிறியதே நிற்கும். பிஜிபியின் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 4271 (2006) ஹோல்டு டைமுக்கு 90 நொடியைப் பரிந்துரைக்கிறது. ஜூனிப்பர் ரவுட்டர்களில் அதுவே இயல்பான எண். எதிர்முனையில் ஜூனிப்பர் இருந்திருந்தால், நீங்கள் ஒன்றும் செய்யாமலே 90 கிடைத்திருக்கும். கீப்அலைவ் இடைவெளி அந்தப் பேச்சில் வருவதே இல்லை; முடிவான ஹோல்டு டைமில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதபடி அவரவர் ரவுட்டரே அதை வைத்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் முனையில் 30 என்று வைத்தால் எதிர்முனையும் 30 நொடிக்கே கட்டுப்படும், உங்களுக்கு வரும் போக்குவரத்தும் அறுந்த பாதையிலிருந்து அதே வேகத்தில் விலகும். அவர்கள் குறைந்தபட்ச வரம்பு ஒன்றை வைத்திருந்து, நீங்கள் அதற்கும் கீழே கேட்டால் மட்டும் செஷன் எழவே எழாது.

இனி உங்கள் 1, 3. 0 என்ற தனி ஏற்பாட்டை விட்டுவிட்டால், விதி அனுமதிக்கும் மிகச் சிறிய ஹோல்டு டைம் 3 நொடிதான். ஆனால் அனுமதி இருக்கிறது என்பதற்காக அந்த ஓரத்தில் போய் நிற்கக் கூடாது. கீப்அலைவ் டிசிபி வழியாகச் செல்கிறது; ஒரு பாக்கெட் தொலைந்தால் அது திரும்ப அனுப்பப்படும்வரை அதற்குப் பின்னால் வந்தவையும் காத்திருக்கும், அடுத்தடுத்துத் தொலையத் தொலைய அந்தக் காத்திருப்பு இரட்டித்துக்கொண்டே போகும். இரவில் உங்கள் சர்வர்களின் பேக்கப் வெளியே போகிறதா என்று பாருங்கள். இணைப்பு நிரம்பி வழியும்போது உங்கள் ரவுட்டர் கீப்அலைவுக்கு முன்னுரிமைக் குறி இட்டு அனுப்பினாலும், நடுவில் இருக்கும் சுவிட்ச் அதை மதித்தே ஆக வேண்டும் என்றில்லை. எதிர்முனையிடமிருந்து இணையத்தின் முழு வழித்தடப் பட்டியலை, அதாவது 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபிவி4 வழித்தடங்களை, வாங்குகிறீர்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம்: செஷன் விழுந்து எழுந்ததும் அவ்வளவையும் படிக்கும் வேலையில் சிறிய ரவுட்டரின் சிபியு திணறும், அந்தத் திணறலில் அடுத்த கீப்அலைவ் தாமதமாகும், செஷன் மறுபடி விழும்.

என் யோசனை, 10, 30க்கே திரும்பிவிடுங்கள் என்பதுதான். ஃபைபர் அறுந்தால் 20 முதல் 30 நொடிக்குள் மாறிவிடும். ஒரு நொடிக்குள் மாறியே ஆக வேண்டும் என்றால் அது கீப்அலைவ் செய்யக்கூடிய வேலையே அல்ல. அதற்கென்றே, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் வேகமாகப் பார்க்கும் பிஎஃப்டி (ஆர்எஃப்சி 5880, 2010) இருக்கிறது. 300 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட், தொடர்ந்து மூன்று வராவிட்டால் இணைப்பு போயிற்று என்று வைத்தால் 900 மில்லிநொடியில் தெரிந்துவிடும். எதிர்முனையும் அதை இயக்க வேண்டும் என்பதால் உங்கள் இணைப்பு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: கிளை அலுவலகத்து ஓஎஸ்பிஎஃப் (ஒரு நிறுவனத்தின் உள்ளே ரவுட்டர்கள் வழித்தடம் பகிரும் முறை) இணைப்பில் ஹலோ இடைவெளியை 10லிருந்து 5 ஆக மாற்றியதும் எதிர்முனையே காணாமல் போய்விட்டது. பிஜிபியில் இப்படி நடப்பதில்லையே?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: பிஜிபி பேரம் பேசும், ஓஎஸ்பிஎஃப் பேசாது. ஒவ்வொரு ஹலோவிலும் ஹலோ இடைவெளி, டெட் இடைவெளி (ஹலோ எதுவும் வராமல் இவ்வளவு நொடி போனால் எதிர்முனை போயிற்று என்று கொள்ளும் நேரம்) என்ற இரண்டு எண்களும் எழுதப்பட்டிருக்கும்; அவை தன்னுடையவற்றோடு அப்படியே பொருந்தாவிட்டால் ரவுட்டர் அந்த ஹலோவைத் தூக்கி எறிந்துவிடும். சிஸ்கோவில் ஹலோவை 5 ஆக்கினால் டெட் இடைவெளியும் தானாக அதன் நான்கு மடங்கான 20 ஆகிவிடும். ஹலோவுக்கான டீபக்கை (ரவுட்டருக்குள் நடப்பதைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் ‘டெட் ஆர் 40 சி 20, ஹலோ ஆர் 10 சி 5’ என்று ஒரு வரி ஓடும். ஆர் என்பது வந்தது, சி என்பது நம்முடையது. மாற்ற வேண்டுமென்றால் தொலைவில் இருக்கும் ரவுட்டரை முதலில் மாற்றுங்கள். அருகில் இருப்பதை முதலில் மாற்றினால், பழைய டெட் நேரம் தீர்ந்ததும் தொலைவில் இருப்பதற்குப் போகும் வழியும் அறுந்துவிடும், அப்புறம் பேருந்து பிடிக்க வேண்டியதுதான்.

கேள்வி: பிஜிபி ஹோல்டு டைமை 0 என்று வைக்கலாமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: வைக்கலாம். சிறிய எண்ணே நிற்கும் என்பதால் எதிர்முனை 180 கேட்டாலும் 0தான் முடிவாகும். அதன் பிறகு இரு பக்கமும் கீப்அலைவ் அனுப்பா. எதிர்முனை ரவுட்டர் மின்சாரம் போய் நின்றுவிட்டாலும், நடுவில் ஒரு சுவிட்ச் இருந்து உங்கள் போர்ட் விழாமல் இருந்தால், அதன் வழித்தடங்கள் உங்கள் பட்டியலில் அப்படியே கிடக்கும். போக்குவரத்து அந்தத் திசையில் போய்க் காணாமல் போய்க்கொண்டே இருக்கும்.