கேளுங்கள் டாக்டர்: ஒரு வைரஸும் பல சந்தேகங்களும்

கேள்வி: என் அம்மாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். அது வைரஸால் வருவது என்று கேள்விப்பட்டதிலிருந்து தன் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துக்கொள்கிறார். பேரனைத் தூக்குவதில்லை. இதெல்லாம் தேவையா?

பதில்: தேவையே இல்லை. முதலில் பேரனைக் கொண்டுபோய் அவர் மடியில் உட்கார வையுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். அம்மாவின் புற்றுநோய் யாருக்கும் தொற்றாது. தொற்றக்கூடியது ஹெச்பிவி என்ற வைரஸ். அது தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை. பெரும்பாலும் உடலுறவின்போது தோலோடு தோல் படுவதால்தான் பரவுகிறது. குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் சற்றுத் தள்ளி வையுங்கள். அதுகூட, சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கக்கூடிய அம்மாவின் பாதுகாப்புக்காகத்தான்.

கேள்வி: எனக்கு 38 வயது. ஹெச்பிவி பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்துவிட்டது. கணவர் மேல் சந்தேகப்பட்டு, வீட்டில் பேச்சே நின்றுவிட்டது. எனக்குப் புற்றுநோய் வந்துவிட்டதா?

பதில்: தங்கை, இன்றே அவரிடம் பேசுங்கள். இந்த வைரஸ் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய பரிசோதனை எதுவும் கிடையாது. பல வருடங்கள் சத்தமில்லாமல் உடலில் தங்கியிருந்து, பிறகு தலைகாட்டக்கூடியது அது. உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒருமுறை வந்து போயிருக்கும். இதை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் அளக்க முடியாது. அப்படி அளந்து குடும்பங்கள் உடைவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

'பாசிட்டிவ்' என்றால் வைரஸ் இருக்கிறது, அவ்வளவுதான். பத்தில் ஒன்பது பேருக்கு ஓரிரு வருடங்களில் உடலே அதை விரட்டிவிடும். இந்த வைரஸின் வகைகளுக்கு எண்தான் பெயர். விரட்ட முடியாமல், 16 அல்லது 18 போன்ற ஆபத்தான வகை நிலைத்துவிட்டால்தான் கவலை. அப்போதும் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, உதாரணமாக சிகிச்சை எடுக்காத ஹெச்ஐவி இருந்தால், 5 முதல் 10 வருடத்திலேயே வரலாம்.

நான் நோய்க்குறியியல் மருத்துவர். பேப் ஸ்மியர், அதாவது கருப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த செல்களைப் பூசிய கண்ணாடித் தகடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதே என் வேலை. இந்த வைரஸ் புகுந்த செல்லை ஒருமுறை பார்த்தால் மறக்காது: உட்கரு உலர்ந்த திராட்சை போலச் சுருக்கம் விழுந்திருக்கும், சுற்றிலும் ஒரு வெளிறிய வளையம். தகட்டில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி, நேரம் இருக்கும்போதே இவர் வந்துவிட்டார் என்று. அடுத்ததாக உங்களுக்கு கால்போஸ்கோபி செய்யச் சொல்லலாம். கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். மாற்றம் அடைந்த பகுதி இருந்தால் உறைய வைத்தோ சூட்டினாலோ அழித்துவிடலாம், அல்லது சிறிதளவு வெட்டி எடுத்துவிடலாம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். தேதியைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: ஆராய்ச்சிக் கூடங்களில் பயன்படும் ஹீலா செல்களுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா? (நுண்ணுயிரியல் மாணவி)

பதில்: நேரடித் தொடர்பு. 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஹென்றியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் அவை. அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அதே வருடம், 31 வயதில் அவர் இறந்துவிட்டார். செல்கள் மட்டும் உலகெங்கும் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

1970-களில் இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் என்று பலரும் ஹெர்பீஸ் வைரஸைச் சந்தேகப்பட்டபோது, ஜெர்மனி விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் ஹெச்பிவிதான் காரணம் என்று நின்றார். 1983-இல் 16-ஆம் வகையையும் அடுத்த வருடம் 18-ஆம் வகையையும் அவர் குழு பிரித்தெடுத்தது. அந்த 18, ஹீலா செல்களுக்குள்ளும் இருந்தது! 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வைரஸின் ஈ6 என்ற புரதம், செல் கண்டபடி பெருகாமல் பார்த்துக்கொள்ளும் காவலனான பி53 என்ற புரதத்தை அழிக்கிறது. வைரஸின் ஈ7 என்ற புரதம், ஆர்பி என்ற இன்னொரு காவலனை முடக்குகிறது. ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கினால், இத்தனை வருடம் ஓயாமல் பெருகிய ஹீலா செல்கள்கூடப் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. பாடம் படிக்கும்போது செல்லின் பெயரோடு அந்தப் பெண்ணின் பெயரையும் சேர்த்துப் படியுங்கள் மகளே.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. ஹெச்பிவி ஊசி எத்தனை தடவை போட வேண்டும்? ஊசியிலிருந்தே நோய் வந்துவிடாதா? போட்டபின் பரிசோதனை வேண்டாம்தானே?

பதில்: வராது. ஊசியில் இருப்பது வைரஸின் வெறும் மேலோடு. உள்ளே மரபணு கிடையாது. இயன் ஃபிரேசர், ஜியான் சோ என்ற விஞ்ஞானிகள் ஆஸ்திரேலியாவில் 1991-இல் அந்த மேலோட்டை உருவாக்கிக் காட்டினார்கள். 2006-இல் ஊசி அனுமதி பெறும்போது சோ உயிருடன் இல்லை. 9 முதல் 14 வயதுக்கு ஒன்று அல்லது இரண்டு டோஸ் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. ஆனால் எல்லா வகை ஹெச்பிவியையும் ஊசி தடுக்காது. அதனால் வளர்ந்தபின் பரிசோதனை வேண்டும். சரி, நீங்கள் செய்துகொண்டீர்களா? 30 வயது தாண்டியிருந்தால், மகளுக்கு ஊசி போடும் வாரத்திலேயே உங்களுக்கும் தேதி வாங்கிவிடுங்கள்.